பிரிட்டன் துணைவர் விசா மறுக்கப்பட்டால்: அப்பீல் செய்வதற்கான முழுமையான வழிகாட்டி

என் தம்பியின் மனைவிக்கு மறுப்புக் கடிதம் வந்த இரவு எங்கள் வீட்டில் யாரும் அதை முழுதாகப் படிக்கவில்லை. மூன்றாவது வரியிலேயே எல்லோருடைய மனமும் நின்றுவிட்டது. தம்பி லண்டனில், அவள் யாழ்ப்பாணத்தில், இடையில் போனில் அழுகை. ஒருவர் 'உடனே திரும்ப அப்ளை பண்ணு' என்றார், இன்னொருவர் 'எம்பிக்கு எழுது' என்றார். இப்படியே ஒன்பது நாள் போய்விட்டது. அப்பீலுக்கு இருந்ததோ மொத்தம் 28 நாள்.

பத்தாம் நாள் பேனாவோடு உட்கார்ந்து கடிதத்தைப் படித்தோம். அது ஒரு கேள்வித்தாள் மாதிரி இருந்தது. இந்தத் தாள் எங்கே, இந்தத் தேதி ஏன் பொருந்தவில்லை, இந்தச் சம்பளம் எந்தக் கணக்கில் விழுந்தது என்று பத்திக்குப் பத்தி ஒரு கேள்வி. அப்பீல் என்றால் அந்தக் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாக, சான்றோடு, நீதிபதி முன் பதில் சொல்வது. அதை எப்படிச் செய்வது என்றுதான் இங்கே எழுதுகிறேன். கணவனோ மனைவியோ இலங்கையிலோ இந்தியாவிலோ வேறு நாட்டிலோ இருக்கிறார், பிரிட்டனில் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ள துணைவரோடு சேர விண்ணப்பித்தார், மறுத்துவிட்டார்கள் என்ற நிலையில் உள்ளவர்களுக்கானது இது.

முதலில் நாளைக் குறியுங்கள்

விண்ணப்பித்தவர் பிரிட்டனுக்கு வெளியே இருந்தால், முடிவு கையில் கிடைத்த நாளிலிருந்து 28 நாளுக்குள் அப்பீல் போய்ச் சேர வேண்டும். சனி, ஞாயிறு, தைப்பொங்கல், கிறிஸ்துமஸ் எல்லாம் அதற்குள் அடக்கம். பிரிட்டனுக்குள் இருந்தே விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர்களுக்கு இன்னும் குறைவு, முடிவு அனுப்பப்பட்ட நாளிலிருந்து 14 நாள்தான்.

முடிவு மின்னஞ்சலில் வந்ததா, விசா மையத்தில் கடிதமாகக் கொடுத்தார்களா என்று பாருங்கள். மின்னஞ்சலைத் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள், உறை இருந்தால் அதையும் எறியாதீர்கள். பின்னால் 'எப்போது கிடைத்தது' என்ற கேள்வி எழுந்தால் அதுதான் சான்று. நாள் தவறிவிட்டாலும் கதவு முழுதாக மூடிவிடாது. தாமதத்துக்கான காரணத்தையும் அதற்கான சான்றையும் சேர்த்து, கால நீட்டிப்பு கேட்டு அப்பீல் போடலாம். ஆனால் ஏற்பதும் மறுப்பதும் நீதிபதியின் கையில். 'வக்கீல் கவனிக்கவில்லை', 'கடிதம் புரியவில்லை' என்பவை எளிதில் எடுபடுவதில்லை.

அடுத்து, கடிதத்தின் கடைசிப் பக்கங்களில் அப்பீல் உரிமை உண்டு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். துணைவர் விசா விண்ணப்பம் மனித உரிமைக் கோரிக்கையாகவே கருதப்படுகிறது. அதனால் மறுத்தால் பொதுவாக அப்பீல் உரிமை உண்டு. சுற்றுலா விசா மறுக்கப்பட்ட நண்பர் 'அப்பீல் எல்லாம் கிடையாது' என்று சொன்னால் அதை உங்கள் வழக்கோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கடிதத்தைப் பிரித்துப் படிப்பது

கடிதத்தை அச்செடுத்து, ஒவ்வொரு பத்திக்கும் ஓர எண் போடுங்கள். ஒரு நோட்டில் மூன்று கட்டம் வரையுங்கள்: அவர்கள் என்ன சொல்கிறார்கள், அது சரியா தவறா, அதற்கு நம்மிடம் என்ன சான்று. சாதாரணமாகத் தெரியும் இந்த நோட்டுதான் பின்னால் உங்கள் அப்பீல் காரணங்களாகவும், சாட்சியறிக்கையாகவும், ஆவணத் தொகுப்பின் பொருளடக்கமாகவும் மாறும்.

கடிதம் பெரும்பாலும் சில தலைப்புகளில் பேசும். வருமானம், உறவு உண்மையானதா என்பது, ஆங்கிலத் தேர்வு, தங்குமிடம், காசநோய்ச் சான்றிதழ், பொய்த் தகவல் அல்லது பழைய குடிவரவு மீறல் ஆகிய தகுதி விஷயங்கள். கடைசியில் 'விதிவிலக்கான சூழ்நிலைகள் உள்ளனவா என்றும் பார்த்தோம், இல்லை' என்று ஒரு பத்தி இருக்கும். பலர் இந்தக் கடைசிப் பத்தியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வருமான விதி பொருந்தாதவர்களின் வழக்கு முழுக்க நிற்பது அந்தப் பத்தியின் மேல்தான்.

எந்தத் தலைப்பில் குறை சொல்லவில்லையோ அதையும் குறித்து வையுங்கள். 'ஆங்கிலத் தகுதி பூர்த்தியாகிறது' என்று கடிதமே சொன்னால், அது உங்களுக்கு ஏற்கெனவே கிடைத்த வெற்றி. அதை மறுபடி நிரூபிக்க ஐம்பது பக்கம் சேர்க்க வேண்டாம்.

அப்பீலா, புதிய விண்ணப்பமா?

இதைத் தீர்மானிக்காமல் ஒரு பைசாவும் செலவழிக்காதீர்கள். அப்பீலுக்கு வாய்வழி விசாரணையோடு 140 பவுண்ட், விசாரணை இல்லாமல் ஆவணங்களை மட்டும் வைத்து முடிவெடுக்க 80 பவுண்ட். வழக்கறிஞர் செலவு தனி. ஆனால் காலம் பிடிக்கும். மாதக்கணக்கில் ஆகும், ஒரு வருடத்தையும் தாண்டலாம். புதிய விண்ணப்பத்துக்கு வெளிநாட்டிலிருந்து 2025 ஏப்ரலில் 1,938 பவுண்டாக இருந்தது, அதோடு அரசு மருத்துவ சேவைக்கான சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 1,035 வீதம் 3,105 பவுண்ட். விண்ணப்பக் கட்டணம் மறுப்போடு போய்விடும். சுகாதாரக் கட்டணம் திரும்பி வரும், அப்பீல் போட்டால் அது வரத் தாமதமாகலாம்.

என் கருத்து இது. ஒரு தாள் விட்டுப்போனதால், அல்லது அப்போது வருமானம் போதாமல் இப்போது போதுமானதாகிவிட்டதால் மறுத்திருந்தால், பெரும்பாலும் புதிய விண்ணப்பமே வேகமான வழி. சான்றை எல்லாம் கொடுத்தும் அதிகாரி தவறாகப் படித்திருந்தால், திருமணத்தையே பொய் என்றிருந்தால், பொய்த் தகவல் கொடுத்தீர்கள் என்று குற்றம் சாட்டியிருந்தால் அப்பீல்தான் செய்ய வேண்டும். குறிப்பாக அந்தக் கடைசி வகையில். 'போலி ஆவணம் கொடுத்தார்' என்ற வரியை எதிர்க்காமல் விட்டால் அடுத்த விண்ணப்பத்திலும், வேறு நாட்டு விசாவிலும் அது கூடவே வரும். அதை ஒரு நீதிபதி விசாரித்துத் துடைக்க வேண்டும்.

வருமான விதி இப்போதும் பொருந்தவில்லை, ஆனால் குழந்தை இருக்கிறது, துணைவர் அகதியாக வந்தவர், நோய் இருக்கிறது என்ற குடும்பங்களுக்கும் அப்பீலே பொருத்தம். புதிய விண்ணப்பத்திலும் அதே சுவர்தான் நிற்கும். சிலர் அப்பீலை நடத்திக்கொண்டே புதிய விண்ணப்பமும் போடுகிறார்கள். உங்கள் நிலையில் அது புத்திசாலித்தனமா என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

யாரிடம் உதவி கேட்பது

பிரிட்டனில் குடிவரவு ஆலோசனையைத் தொழிலாகச் செய்ய சட்டப்படி பதிவு வேண்டும். சொலிசிட்டர் அல்லது பாரிஸ்டர் எனப்படும் வழக்கறிஞராக இருக்க வேண்டும், அல்லது குடிவரவு ஆலோசனை ஆணையத்தில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். 2025 ஜனவரி வரை ஓ.ஐ.எஸ்.சி. என்று அழைக்கப்பட்டது அந்த ஆணையம்தான். பதிவில்லாமல் ஆலோசனை கொடுப்பது குற்றம். பதிவிலும் நிலைகள் உண்டு. தீர்ப்பாயத்தில் வாதாட மூன்றாம் நிலை வேண்டும். கோயிலிலோ கடையிலோ அறிமுகமான அண்ணர் 'நான் நிறையப் பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன்' என்றால், மரியாதையோடு பதிவு எண்ணைக் கேளுங்கள். உங்கள் சார்பில் அவர் விடும் பிழை உங்கள் பிழையாகவே எழுதப்படும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குடும்ப விசா வழக்குகளுக்கு அரசின் சட்ட உதவி பொதுவாகக் கிடைக்காது. விதிவிலக்கு நிதி என்று ஒன்று உண்டு, அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். முழு வழக்குக்கும் வழக்கறிஞர் வைக்க முடியாவிட்டால், ஒரு மணி நேர ஆலோசனைக்காவது பணம் கொடுத்து, கடிதத்தையும் உங்கள் மூன்று கட்ட நோட்டையும் காட்டுங்கள். அந்த ஒரு மணி நேரம் பல மாதங்களை மிச்சப்படுத்தும்.

அப்பீலைத் தாக்கல் செய்வது

அப்பீல் போவது முதல்நிலைத் தீர்ப்பாயத்தின் குடிவரவு மற்றும் புகலிடப் பிரிவுக்கு. அது, விசாவை மறுத்த உள்துறை அமைச்சான ஹோம் ஆபீஸிலிருந்து தனித்தது. இணையவழியில் தாக்கல் செய்யலாம். காகிதத்தில் என்றால் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான படிவம் ஐ.ஏ.எஃப்.டி. 6.

அப்பீல் செய்பவர் விசா கேட்டவர்தான், லண்டனில் இருக்கும் கணவரோ மனைவியோ அல்ல. லண்டனில் இருப்பவர் ஸ்பான்சர், அதாவது வழக்கின் முக்கியச் சாட்சி. படிவத்தை அவர் நிரப்ப உதவலாம், பணம் கட்டலாம். ஆனால் மேல்முறையீட்டாளர் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதிவிடாதீர்கள்.

பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதுங்கள். மறுப்புக் கடிதத்தை இணையுங்கள். அப்பீல் காரணங்கள் கேட்கும் இடத்தில் நீளமான கதை வேண்டாம். இந்த மறுப்பு ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் எட்டாவது பிரிவின்படி எங்கள் குடும்ப வாழ்வுக்கான உரிமையை மீறுகிறது, கடிதத்தின் இன்ன பத்தி இன்ன காரணத்தால் தவறு, விதிகள் பூர்த்தியாகின்றன அல்லது பூர்த்தியாகாவிட்டாலும் விளைவு அளவுக்கு மீறிக் கடுமையானது என்று தெளிவாக எழுதினால் போதும். முழுச் சான்றுகளைப் பிறகு சேர்க்கலாம். நாள் முடியும் தறுவாயில் இருந்தால் முதலில் அப்பீலைப் போட்டுவிட்டு அப்புறம் தாள் தேடுங்கள்.

வாய்வழி விசாரணையா, தாள் விசாரணையா? 60 பவுண்ட் மிச்சம் என்று தாள் விசாரணையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உறவு உண்மையா என்ற சந்தேகம் இருக்கும் வழக்கில், கணவனோ மனைவியோ நேரில் வந்து கேள்விகளுக்குப் பதில் சொல்வதைவிட வலுவான சான்று கிடையாது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால் படிவத்திலேயே கேளுங்கள், தீர்ப்பாயம் இலவசமாக ஏற்பாடு செய்யும். இலங்கைத் தமிழா இந்தியத் தமிழா என்றும் குறிப்பிடுங்கள். 'எழுத்து' என்றால் பதிவுத் திருமணம் என்று தெரியாத மொழிபெயர்ப்பாளர் வந்தால் சாட்சியமே தடம் மாறிவிடும்.

வருமானத்தால் வந்த மறுப்பு

2024 ஏப்ரல் 11 முதல் முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்கு ஆண்டு வருமான வரம்பு 29,000 பவுண்ட். அதற்கு முன் 2012 முதல் 18,600 ஆக இருந்தது. இதில் கவனிக்க வேண்டியது, வெளிநாட்டில் இருக்கும் துணைவர் அங்கே வாங்கும் சம்பளம் இந்தக் கணக்கில் சேராது. சேமிப்பு இருவருடையதும் சேரும்.

பணம் இருந்தும் மறுக்கப்படுவது ஏன் என்று பலருக்குப் புரிவதில்லை. விதி கேட்பது பணத்தை மட்டுமல்ல, அதைக் காட்டும் குறிப்பிட்ட தாள்களையும்தான். ஒரே இடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்பவர் என்றால் ஆறு மாத பேஸ்லிப் (சம்பளச் சீட்டு), அந்தச் சம்பளம் விழுந்த வங்கிக் கணக்கின் அதே ஆறு மாத ஸ்டேட்மென்ட், முதலாளியின் கடிதம். அந்தக் கடிதத்தில் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும்: வேலையும் ஆண்டுச் சம்பளமும், எவ்வளவு காலமாக வேலை, இந்தச் சம்பளம் எவ்வளவு காலமாக, நிரந்தரமா ஒப்பந்தமா என்பது. என் தம்பியின் வழக்கில் விட்டுப்போனது இந்த மூன்றாவது வரி. முதலாளி கடிதம் கொடுத்தார், நாங்களும் பார்த்தோம், யாருக்கும் அது தெரியவில்லை.

தாள்கள் பழையதாகிவிடுவதும் ஒரு பிரச்சினை. விண்ணப்பத் தேதிக்கு 28 நாளுக்கு மேல் முந்தையதாகக் கடைசி பேஸ்லிப்போ ஸ்டேட்மென்டோ இருக்கக் கூடாது. சம்பளத்தைக் கையில் ரொக்கமாக வாங்குபவர்களுக்கு இது இன்னும் சிக்கல். பேஸ்லிப்பில் உள்ள தொகையும் வங்கியில் விழுந்த தொகையும் பொருந்த வேண்டும்.

சேமிப்பைக் கொண்டு குறையை நிரப்பலாம். முதல் 16,000 பவுண்ட் கணக்கில் வராது. மிச்சத்தை 2.5 ஆல் வகுக்க வேண்டும். சம்பளம் 25,000 என்றால் குறை 4,000. அதற்குத் தேவையான சேமிப்பு 16,000 கூட்டல் 10,000, ஆக 26,000. சம்பளமே இல்லாமல் சேமிப்பு மட்டும் என்றால் 88,500. பணம் ஆறு மாதம் உங்கள் கட்டுப்பாட்டில் இருந்திருக்க வேண்டும். சீட்டுப் பணமோ மாமனார் கொடுத்ததோ கடைசி வாரத்தில் கணக்கில் விழுந்தால் பயனில்லை. சுயதொழில் வருமானத்தோடு சேமிப்பைச் சேர்க்கவும் முடியாது.

இன்னொன்று, பலர் தெரியாமலேயே விட்டுவிடுவது. ஸ்பான்சர் பிப் போன்ற ஊனமுற்றோர் உதவித்தொகையோ, நோயாளியைப் பராமரிப்பவருக்கான கேரர்ஸ் அலவன்ஸோ பெறுபவர் என்றால் 29,000 வரம்பு அவருக்குப் பொருந்தாது. குடும்பத்தைப் போதுமான அளவு பராமரிக்க முடியுமா என்ற எளிய சோதனை மட்டுமே. கடிதத்தில் இதைக் கவனிக்காமல் மறுத்திருந்தால் அது வலுவான அப்பீல் காரணம்.

விதிக்குள் வராத பணத்துக்கும் ஓரளவு வழி உண்டு. 2017 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் எம்.எம். (லெபனான்) வழக்கில் வருமான வரம்பு சட்டப்படி செல்லும் என்றது. ஆனால் குழந்தைகளின் நலனை விதிகள் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை என்றும், மாற்று வருமான வழிகளைப் பார்க்க மறுப்பது சரியல்ல என்றும் சொன்னது. அதன் பிறகு விதிகள் மாற்றப்பட்டன. மறுப்பின் விளைவு நியாயப்படுத்த முடியாத அளவு கடுமையாக இருக்கக்கூடும் என்ற நிலையில், உறவினர் தரும் நம்பத்தகுந்த பண உதவியையும், வரப்போகும் துணைவருக்கு உறுதியாகியுள்ள வேலையையும் பார்க்கலாம். அண்ணன் மாதம் 400 பவுண்ட் தருவதாகச் சொன்னால் மட்டும் போதாது. அவருடைய வங்கிக் கணக்கு, கையெழுத்திட்ட கடிதம், முடிந்தால் அவரே சாட்சியாக வருவது, எல்லாம் வேண்டும்.

'உங்கள் உறவு உண்மையானது என்று நம்பவில்லை'

நம்மவர்களுக்கு மிகவும் வலிக்கும் மறுப்பு இது. கவனமாகச் செய்தால் மாற்றக்கூடியதும் இதுதான். நம் திருமணங்கள் நடக்கும் விதத்தை அதிகாரி அறிந்திருப்பார் என்று நாம் எதிர்பார்ப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. 'திருமணத்துக்கு நான்கு நாள் முன்னர்தான் முதல்முறை சந்தித்தீர்கள்' என்று கடிதம் எழுதும். நமக்கு அது சாதாரணம். ஜாதகம் பொருந்தியது, பெரியவர்கள் பேசினார்கள், ஆறு மாதம் தினமும் வீடியோவில் பேசினோம், லீவு கிடைத்ததும் போய்க் கட்டினோம். இதை யாரும் எழுதிக் கொடுக்காவிட்டால் தாளில் மிஞ்சுவது அந்த நான்கு நாள் மட்டும்தான்.

அதனால் சாட்சியறிக்கையில் முதலிலிருந்து சொல்லுங்கள். யார் பேச்சை எடுத்தார், எந்த மாதம் ஒருவர் மற்றவரின் புகைப்படத்தைப் பார்த்தீர்கள், முதல் தொலைபேசி அழைப்பில் என்ன பேசினீர்கள், யார் யார் திருமணத்துக்கு வந்தார்கள், யார் வரவில்லை, ஏன். சம்பந்தம் பேசிய மாமாவோ பெரியம்மாவோ ஒரு கடிதம் எழுதினால் நல்லது.

திருமணத் தேதி இன்னொரு பொறி. இலங்கையில் பலர் எழுத்தை முதலில் முடித்துவிட்டு, சில மாதம் கழித்துத் தாலி கட்டுகிறார்கள். தமிழ்நாட்டில் கல்யாணம் முதலில், பதிவு பிறகு. விண்ணப்பத்தில் ஒருவர் ஒரு தேதி, நேர்காணலில் மற்றவர் இன்னொரு தேதி. கடிதத்தில் 'முரண்பாடு' என்று வந்துவிடும். இரண்டு தேதிகளையும், ஏன் இரண்டு என்பதையும் எழுதி, சான்றிதழையும் அழைப்பிதழையும் அருகருகே வையுங்கள்.

பெயரும் அப்படித்தான். தந்தை பெயரை முன்னெழுத்தாக வைப்பவர்கள் நாம். ஒரே ஆள் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், கடவுச்சீட்டில் இன்னொன்று, வங்கியில் மூன்றாவது. 'இவை வேறு நபர்கள்' என்று சந்தேகப்பட இடம் கொடுக்காமல், சத்தியக்கடதாசி (உறுதிமொழிப் பத்திரம்) ஒன்றில் எல்லா வடிவங்களையும் குறிப்பிட்டு விளக்குங்கள். முன்பு திருமணமானவர் என்றால் நீதிமன்ற விவாகரத்து ஆணை வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் தீர்த்துவைத்தது இங்கே செல்லாது.

சான்றுகளில் அளவைவிடப் பரவல் முக்கியம். அறுநூறு பக்க வாட்ஸ்அப் உரையாடலை யாரும் படிக்கமாட்டார்கள். திருமணத்துக்கு முன், பின், விண்ணப்பத்துக்குப் பின், மறுப்புக்குப் பின் என்று ஒவ்வொரு மாதத்திலிருந்தும் ஓரிரு பக்கம் எடுங்கள், தேதி தெரிய வேண்டும், தமிழில் இருந்தால் மொழிபெயர்ப்பு வேண்டும். கூடவே அழைப்புப் பட்டியல், பணம் அனுப்பிய ரசீதுகள், விமானச் சீட்டுகள், கடவுச்சீட்டு முத்திரைகள். மறுப்பு வந்த பிறகும் ஸ்பான்சர் போய்ப் பார்த்து வந்தார் என்பதைவிடப் பேசும் சான்று குறைவு. முடிந்தால் போய் வாருங்கள்.

2012 இல் மேல்நிலைத் தீர்ப்பாயம் கௌடி வழக்கில் சொன்னது இங்கே உதவும். திருமணம் நடைமுறையில் தொடர்கிறதா என்பதே கேள்வி, அன்பைக் காட்ட இன்ன வகைச் சான்று கட்டாயம் என்று எதுவும் இல்லை என்றது. அந்த வழக்கில் தொலைபேசி அட்டைகளே சான்றாக நின்றன. நிரூபிக்க வேண்டிய அளவும் 'சந்தேகத்துக்கு இடமின்றி' அல்ல. உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும்.

நீதிபதி எதைப் பார்க்கிறார்

தீர்ப்பாயம் 2002 ஆம் ஆண்டு தேசியம், குடிவரவு, புகலிடச் சட்டத்தின் கீழ் தீர்மானிப்பது ஒரே கேள்வியை: இந்த மறுப்பு மனித உரிமைச் சட்டத்துக்கு முரணானதா? விதிகள் முழுதாகப் பூர்த்தியாகின்றன என்று காட்டினால் வழக்கு ஏறக்குறைய முடிந்த மாதிரி. விதியைப் பூர்த்தி செய்பவரை மறுப்பதில் பொது நலன் எதுவும் இல்லை என்று 2018 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் டி.இசட். (பாகிஸ்தான்) வழக்கில் தெளிவாக்கியது.

பூர்த்தியாகாவிட்டால் தராசு வரும். ஒரு தட்டில் குடிவரவுக் கட்டுப்பாடு, ஆங்கிலம் பேசுவது, தன் வருமானத்தில் வாழ்வது ஆகிய பொது நலன்கள். மறு தட்டில் உங்கள் குடும்பம். 'பிரிந்து தவிக்கிறோம்' என்பது உண்மைதான், ஆனால் அது மட்டும் தட்டைச் சாய்க்காது. பிரிட்டனில் இருப்பவர் ஏன் அங்கே போய் வாழ முடியாது என்று சொல்ல வேண்டும். அகதியாக வந்து, திரும்பிப் போனால் ஆபத்து என்று ஏற்கப்பட்டவரா? முதல் திருமணத்துப் பிள்ளை இங்கே பள்ளியில் படிக்கிறதா, அந்தப் பிள்ளையின் மற்றப் பெற்றோர் இங்கே இருக்கிறாரா? டயாலிசிஸ் செய்யும் தாயை அவர்தான் பார்க்கிறாரா? ஒவ்வொன்றுக்கும் மருத்துவர், பள்ளி, சமூக சேவகர் என்று யாராவது ஒருவரின் தாள் இருக்க வேண்டும். குழந்தையின் நலனை முதன்மையான கருத்தாக எடுக்க வேண்டியது 2009 ஆம் ஆண்டு எல்லைகள், குடியுரிமை, குடிவரவுச் சட்டத்தின் 55 ஆம் பிரிவின் கடமை. அந்தக் கடமை எழுத்தளவில் பிரிட்டனில் உள்ள குழந்தைகளைக் குறித்தது. வெளியே உள்ள குழந்தையின் நலனும் மனித உரிமை உடன்படிக்கையின் எட்டாவது பிரிவின் கீழ் எடைக்கு வரும்.

நல்ல செய்தி, முடிவுக்குப் பிறகு நடந்தவற்றையும் நீதிபதி பார்க்கலாம். பிறகு கிடைத்த சம்பள உயர்வு, பிறந்த குழந்தை, எழுதித் தேறிய தேர்வு எல்லாம் சேரும். ஆனால் ஹோம் ஆபீஸ் இதுவரை பார்த்தே இராத முற்றிலும் புதிய விஷயம் என்றால் அதன் சம்மதம் தேவைப்படலாம். அதனால் புதியது எதுவாயினும் விசாரணை நாள்வரை காத்திருக்காமல் உடனே எழுதி அனுப்புங்கள்.

சாட்சியறிக்கையும் ஆவணத் தொகுப்பும்

அப்பீல் பதிவானதும் ஹோம் ஆபீஸ் தன் ஆவணத் தொகுப்பை அனுப்பும். அதை முழுதாகப் பாருங்கள். நீங்கள் கொடுத்த தாள்கள் அதில் இருக்கின்றனவா, நேர்காணல் நடந்திருந்தால் பதில்கள் சரியாகப் பதிவாகியிருக்கின்றனவா என்று. உங்கள் சான்றுகளையும் வாதத்தையும் கொடுத்த பிறகு, ஹோம் ஆபீஸ் முடிவை மறுபடி ஆராயும் கட்டம் உண்டு. சான்று தெளிவாக இருந்தால் அங்கேயே மறுப்பைத் திரும்பப் பெற்றுவிடுவதும் நடக்கும். அதனால்தான் தொகுப்பைக் கடைசி வாரத்துக்கு ஒத்திப்போடாமல், நீதிபதியே நாளை படிக்கப்போகிறார் என்ற கவனத்தோடு முதலிலேயே தயாரியுங்கள்.

இருவரும் தனித்தனியே சாட்சியறிக்கை எழுதுங்கள். பத்திகளுக்கு எண், கடைசியில் 'இதில் உள்ளவை உண்மை' என்ற உறுதிமொழி, கையெழுத்து, தேதி. ஆங்கிலம் சரளமாக வராதவர் தமிழில் சொல்லி எழுதி, மொழிபெயர்ப்போடு கொடுக்கட்டும். புரியாத ஆங்கிலத்தில் யாரோ அழகாக எழுதியதில் கையெழுத்துப் போட்டால், குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும்.

தொகுப்புக்குத் தொடர்ச்சியான பக்க எண்ணும் பொருளடக்கமும் கட்டாயம். மொழிபெயர்ப்புகளில் மொழிபெயர்த்தவரின் பெயர், தொடர்பு விவரம், கையெழுத்து, தேதி, சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதி இருக்க வேண்டும்.

விசாரணை நாள்

லண்டன் பக்கம் என்றால் பெரும்பாலும் டெய்லர் ஹவுஸ் அல்லது ஹாட்டன் கிராஸ். வேறு நகரங்களிலும் மையங்கள் உண்டு, சில விசாரணைகள் வீடியோவில் நடக்கும். அறையில் நீதிபதி, ஹோம் ஆபீஸ் சார்பில் ஒருவர், நீங்கள், உங்கள் வழக்கறிஞர், மொழிபெயர்ப்பாளர். சினிமா நீதிமன்றம் மாதிரி இருக்காது, ஒரு மேசையைச் சுற்றி நடக்கும் கூட்டம் போல இருக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் மேல்முறையீட்டாளர் வீடியோவில் வாய்மொழிச் சாட்சியம் சொல்ல அந்த நாட்டு அரசுக்கு ஆட்சேபம் இல்லை என்று தெரிய வேண்டும். 2021 இல் அக்பபியாகா வழக்கில் மேல்நிலைத் தீர்ப்பாயம் இதை வலியுறுத்தியது. எழுத்துமூல அறிக்கைக்கு அந்த அனுமதி தேவையில்லை. ஆகவே பெரும்பாலான வழக்குகளில் பேசப்போவது ஸ்பான்சர் ஒருவர்தான். அவர் தன் அறிக்கை, துணைவரின் அறிக்கை, பழைய விண்ணப்பப் படிவம் மூன்றையும் முந்தின இரவு மறுபடி படிக்கட்டும்.

கேள்விகள் சின்னச் சின்னதாக வரும். கடைசியாக எப்போது பேசினீர்கள், அவர் வீட்டில் யார் யார், எத்தனை நாள் சேர்ந்து இருந்தீர்கள், இந்தத் தொகையை ஏன் அனுப்பினீர்கள். கேட்டதற்கு மட்டும் பதில். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், ஊகித்துச் சொல்லும் தேதி உண்மையான தேதியோடு மோதும். கேள்வி புரியாவிட்டால் மறுபடி கேளுங்கள். ஆங்கிலம் ஓரளவு தெரியும் என்று பாதி தமிழ் பாதி ஆங்கிலத்தில் பேசாதீர்கள். அழுகை வந்தால் அடக்க வேண்டாம், தண்ணீர் குடித்துவிட்டுத் தொடருங்கள். தீர்ப்பு பெரும்பாலும் அன்று வராது, பிறகு எழுத்தில் வரும்.

தீர்ப்புக்குப் பின்

வென்றால் உடனே டிக்கெட் போடாதீர்கள். ஹோம் ஆபீஸுக்கும் எதிர்த்து அனுமதி கேட்க 14 நாள் உண்டு. அது கடந்த பின் விசா வழங்கும் வேலையைத் தொடங்கி, கடவுச்சீட்டைக் கேட்பார்கள். சுகாதாரக் கட்டணம் திரும்பி வந்திருந்தால் மறுபடி கட்ட வேண்டும். காசநோய்ச் சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும், அதனால் புதிதாக எடுக்க நேரலாம். அப்பீலுக்குக் கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தரும்படி நீதிபதி உத்தரவிடலாம், விசாரணையிலேயே கேட்டு வையுங்கள். விசா கிடைத்தால் முதலில் 33 மாதம், பிறகு நீட்டிப்பு, மொத்தம் ஐந்து வருடத்தில் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

தோற்றால், தீர்ப்பைப் பிடிக்கவில்லை என்பதற்காக மேல்நிலைத் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. நீதிபதி சட்டத்தில் தவறியிருக்க வேண்டும்: முக்கியமான சான்றைப் பார்க்காமல் விட்டது, காரணம் சொல்லாமல் முடிவெடுத்தது போல. அனுமதியை முதலில் முதல்நிலைத் தீர்ப்பாயத்திடமே கேட்க வேண்டும். வெளிநாட்டில் உள்ள மேல்முறையீட்டாளருக்கு அதற்கு 28 நாள். அது மறுத்தால் மேல்நிலையிடம் நேரடியாகக் கேட்கலாம்.

சட்டத் தவறு இல்லை என்றால் புதிய விண்ணப்பம்தான். அப்போது பழைய தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கான தேவசீலன் தீர்ப்பு, 2002 முதல், முந்தைய நீதிபதி கண்டறிந்ததையே அடுத்த நீதிபதி தொடக்கப் புள்ளியாக எடுக்க வேண்டும் என்கிறது. வருமானத்தில் தோற்றிருந்தாலும் 'திருமணம் உண்மையானது' என்று அந்தத் தீர்ப்பில் ஒரு வரி இருந்தால், அந்தப் பக்கத்தைப் புதிய விண்ணப்பத்தின் முதல் இணைப்பாக வையுங்கள்.